எண்பத்து நான்காவது செடி

தளவாய் என்னும் பெயரும் ஐம்பத்தெட்டு வயதும் உடைய பெரியவர், கருங்கல்முடி இயற்கைப் பூங்காவின் தற்காலிகக் காவலர். அங்குள்ள காட்டுச் செடிகளைப் பட்டியலிட வந்த பேராசிரியர் சந்திரமோகனோ ஒரு மாதமாக விருந்தினர் மாளிகையின் வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை. இதைத் தளவாய் பூங்காவின் மேலதிகாரியான ரேஞ்சரிடம் சொல்லிவிட்டார்.

ரேஞ்சர் விசாரிக்க வந்தபோது, பேராசிரியர் தளவாயிடம் கொதித்தெழுந்தார். "நானூற்றுப் பன்னிரண்டு செடிகளையும் என் கையாலேயே பறித்து ஆராய்ந்திருக்கிறேன்! பொய்யென்று மதியத்துக்குள் நிரூபி. முடியாவிட்டால் நாளை முதல் உனக்கு இங்கே வேலை கிடையாது!"

தளவாய் காட்டுக்குள் சென்று, ஒரு செடியை வேர்மண்ணோடு மண்வெட்டியில் ஏந்தி வந்தார்.

"செந்தட்டிங்க ஐயா. பட்டியல்ல இருக்குதா?"

"எண்பத்து நான்காவது! போன வாரம்தான் கைநிறையப் பறித்தேன்."

"ரேஞ்சர் ஐயா பாக்கட்டும், இன்னொரு தடவ பறிச்சுக் காட்டுங்க."

பேராசிரியர் கம்பீரமாகக் கைநிறைய அள்ளினார். மறுகணமே "ஐயோ, எரிகிறதே!" என்று அரிப்புத் தாளாமல் முற்றமெங்கும் குதித்தார்.

தளவாய் பணிவோடு சொன்னார்: "இதை ஒரு தடவ பறிச்சவன் மறு தடவ கிட்டவே போகமாட்டான், ஐயா. நீங்க இன்னைக்குத்தான் முதல்முதலா தொடுதீங்க."

ரேஞ்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பட்டியலைத் தள்ளுபடி செய்தார். தளவாய் அடையாளம் காட்டப் புதுப் பட்டியல் எழுதுமாறு பேராசிரியருக்கே ஆணையிட்டார். இவ்விவகாரம் முடிவுற்ற நாள், 1998 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை.