சைக்கிளுக்கு அடியில் ஒட்டியிருந்தது

கோத்தகிரி சைக்கிள் கடைக்குத் தபால்காரர் பெள்ளிராஜ் விந்தி விந்தி வந்தார். கையிலிருக்கும் பணத்துக்கு, முன்பக்கம் மட்டும் ஸ்பிரிங் வைத்த மலை சைக்கிள் போதும் என்றார்.

முதலாளி குலசேகரன் முகத்தைக்கூடப் பார்க்காமல் சிரித்தார். "அதே விலைக்கு முன்னும் பின்னும் ஸ்பிரிங் வச்சதே இருக்கேய்யா! எந்த மலையையும் தாங்கும். தாங்காதுன்னு காட்டு, நீ கேட்டதைப் பாதி விலைக்குத் தர்றேன்."

"அந்த வண்டியைத் தலைகீழா நிறுத்தி, பெடலுக்கு அடியில ஒட்டியிருக்கறதைச் சத்தமாப் படிங்க முதலாளி."

குலசேகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்: "தார் ரோட்டுக்கு மட்டும்."

கடையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள்.

"யார் கண்ணுக்கும் படாத இடமாச்சே, உனக்கெப்படித் தெரியும்?"

"போன வருஷம் இதே மாதிரி வண்டியை உங்ககிட்டதான் வாங்கினேன். பள்ளத்துல விழுந்து அதுக்கு அடியில கிடந்தப்போ படிச்சேன். வாங்குறப்பவே குனிஞ்சு பார்த்திருந்தா, இன்னைக்கு நேரா நடந்து வந்திருப்பேன்."