மகாராஜா கொண்டுவந்த மழைச் சட்டம்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டேதான் ஆரம்பிக்கிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். மந்திரி பேச வேண்டியதை ராஜா வாயில் வைத்துவிட்டால் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு மழை நாடு. பக்கத்தில் ஒரு வறண்ட நாடு. இரண்டும் ஏழை. "பேரரசரிடம் போய் யோசனை கேட்டுக் கைகட்டி நிற்பானேன்? நமக்குள்ளேயே கற்றுக்கொள்வோம்" என்று இரண்டு ராஜாக்களும் பேசிவைத்துக்கொண்டார்கள். நல்ல ஏற்பாடுதானே?

மழை நாட்டு ராஜா வறண்ட நாட்டுக்கு விருந்துக்குப் போனார். திரும்பி வந்ததும் வராததுமாக மந்திரி விருத்தகிரியைக் கூப்பிட்டார்.

"அடடா, அங்கே என்ன சட்டம் தெரியுமா! கூரைத் தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போகக்கூடாதாம். குழாய் வைத்து வீட்டுக்குள் தொட்டியில் விடவேண்டுமாம். இங்கேயும் நாளை முதல் அதேதான்!"

"மகாராஜா, அங்கே வருஷத்துக்கு நாலு மழை. இங்கே ஒரு நாளைக்கே நாலு. நம் ஜனங்கள் வீடெல்லாம் மண்சுவர். கரைந்துவிடும்."

"ஓர் எழுத்தை மாற்றினாலும் உம் தலை இருக்காது!"

விருத்தகிரி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அங்கே முதலில் யார் வீட்டில் செய்தார்கள்?"

"அரண்மனையில்."

"அப்படியானால் இங்கேயும் அரண்மனையில்தான் தொடங்கவேண்டும்."

மறுநாள் காலையிலேயே குழாய் வைத்தாயிற்று. மதியம் ராஜா சாப்பிட்டுக் கண்ணயர்ந்தார். கொட்டியது பாருங்கள் மழை! தொட்டி நிரம்பி, கூடம் நிரம்பி, அவர் விழித்தபோது கட்டில் மிதக்கிறது. கிரீடம் ஒரு பக்கம் போகிறது, செருப்பு ஒரு பக்கம் போகிறது. ராணி ஊஞ்சலில் ஏறி நின்று கத்துகிறாள்.

"விருத்தகிரி! என்னய்யா இது?"

இடுப்பளவு தண்ணீரில் வந்து கும்பிட்டார் மந்திரி. "சட்டம் அப்படியே வந்து சேர்ந்துவிட்டது மகாராஜா. அந்த ஊர் வெயில்தான் இன்னும் வரவில்லை. வண்டி அனுப்பியிருக்கிறேன்."

ராஜாவுக்குக் கோபம் வரப் பார்த்தது. அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. "இப்போது என்ன செய்ய?"

"குழாய் நல்ல குழாய்தான். வாயை வெளிப்பக்கம் திருப்பிவிட்டால் ஒரு சுவரும் நனையாது."

"திருப்பச் சொல்லும்! நாடு முழுக்க அப்படியே வைக்கட்டும். சரி, பதிலுக்கு அவர்களுக்கு நாம் என்ன சொல்லிக்கொடுப்பது? நமக்குத் தெரிந்தது படகு கட்டுவது ஒன்றுதான். அங்கே ஆறே கிடையாதே!"

"கற்றுக்கொள்ளட்டும் மகாராஜா. கவிழ்த்துப்போட்டால் நல்ல நிழல்."

ராஜா சிரித்த சிரிப்பில் கட்டிலே கவிழ்ந்தது. தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவர் கழுத்து முத்துமாலையைக் கழற்றி, விருத்தகிரியின் தலை வழியாகவே போட்டார்.

எந்த நாடு, எந்த ராஜா என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டு பேருக்கும் பேரன்மார் இருப்பார்கள், எனக்கெதற்கு வம்பு? அந்தப் பெயர்களை எடுத்துவிட்டுத்தான் எழுதினேன்.