கைராசிச் சோதனை

நூல் மில் ஆபீஸில் செண்பகவல்லி எதைச் சேமித்தாலும், புது மென்பொருள் "பிழை" என்றே காட்டியது. அதை எழுதிய நிபுணர் டைட்டஸ் வந்தார். அவள் கம்ப்யூட்டரிலேயே தன் பாஸ்வேர்டைப் போட்டுச் சேமித்தார். உடனே சேமிப்பாகிவிட்டது.

"என் மென்பொருள் தங்கம், முதலாளி. இந்தம்மாவுக்குத்தான் கைராசி இல்ல. ஆளை மாத்துங்க."

முதலாளி தலையாட்டிவிட்டார். செண்பகவல்லி அழுதாளா? அவளாவது, அழுவதாவது!

"உங்க கை ராசியான கைதான் சார். அதே கையால என் பாஸ்வேர்டைப் போட்டுச் சேமிங்க, பாப்போம்."

போட்டார். பிழை. மறுபடியும் பிழை. மனுஷனுக்கு வேர்த்துவிட்டது.

"அவரு பாஸ்வேர்டு எல்லாப் பூட்டையும் திறக்கும், முதலாளி. அதை வெச்சே சோதிச்சுட்டாரு. எங்களுக்குப் பூட்டியிருக்கிற இடத்துல போய்ச் சேமிக்கிற மாதிரி எழுதியிருக்காரு."

முதலாளி நிபுணர் பக்கம் திரும்பினார்.

"திருத்திக் கொண்டாங்க. இனிமே அந்தம்மா சரின்னு சொன்னாத்தான் உங்க மென்பொருள் மில்லுக்குள்ள வரும்."