சாட்சி கேட்ட சம்மாட்டி

பாய்மரம் சாய்ந்து செத்தவன் லாசர். செத்த பிறகும் பழி அவன் தலையில்தான். மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளை, வலை இழுக்க இடைஞ்சல் என்று அவிழ்க்கச் சொன்னவர் படகின் சொந்தக்காரர் தொபியாஸ் சம்மாட்டி. அவரைக் கேட்க ஆளில்லையாம், இது எந்த ஊர் நியாயம்?

திருவிழாவுக்காகக் கயிறு கட்டி நிறுத்தியிருந்த கொடிமரத்தடியில் ஊர்க்கூட்டம் நடந்தது. சம்மாட்டி நாற்காலியில் சாய்ந்தபடி, "நட்ட மரம் தன்னால நிக்கும். அவனுக்குத்தான் படகோட்டத் தெரியல. கயிறு இல்லாமத்தான் விழுந்ததுன்னு சாட்சி இருக்கா?" என்றார்.

லாசரின் மனைவி பிரகாசி எழுந்து போய், கொடிமரத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"ஏட்டி, விடு! மரம் என் தலையில விழுந்திரும்!" என்று சம்மாட்டி துள்ளி எழுந்தார்.

பிரகாசி கயிற்றை விடவில்லை. "சாட்சி கேட்டீங்கல்லா சம்மாட்டி? இப்ப நீங்களே சொல்லிட்டீங்க."