யானைக்கு யாரும் ஒதுங்காத மாலை

காட்டில் கடுங்கோடை. தண்ணீர் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மடுவில்தான். அதற்குப் போகும் பெருவழி யானை மிதித்துப் போட்டது. புதரைத் தள்ளி, மேட்டை மட்டமாக்கி, என்ன அருமையான வேலை! நடுவில் மட்டும் பாறைக்கும் முட்காட்டுக்கும் இடையே ஓர் இடுக்கு.

புள்ளிமானுக்கு மனசு ஆறவில்லை. அதன் குட்டி நேற்றும் முந்தாநாளும் அந்த இடுக்கின் நெரிசலைத் தாண்ட முடியாமல், நாக்கு நனையாமல் திரும்பியிருந்தது. இன்றும் குடிக்காவிட்டால் பிழைக்காது.

"அக்கா, உங்கள் பாதை சரியில்லை!" என்றது மான்.

யானையின் காது விடைத்தது. "என்ன பேச்சு இது? நரியை அனுப்பி அளந்தாயிற்றே!"

"ஆமாம், ஆமாம்!" என்று குதித்தது நரி. "உச்சிவெயிலில் ஓடிப் பார்த்தேன். எங்கேயும் கால் நிற்கவில்லை!"

"உச்சிவெயிலில் காடே நிழலில் படுத்துக் கிடக்கும். காலிப் பந்தியில் இடம் கிடைத்தது என்று பீற்றிக்கொள்கிறீரே, நரியாரே!"

"நான் தினமும் மாலையில்தான் போகிறேன். ஒருநாளும் நின்றதில்லையே!" என்றது யானை.

"நீங்கள் வந்தால் காட்டெருமையே ஒதுங்கும், அக்கா. உங்களுக்கு எந்த வழிதான் மோசம்?"

சொல்லிவிட்டு மான் குட்டியோடு இரண்டடி பின்வாங்கியது. யானை குனிந்து குட்டியின் உலர்ந்த நாக்கைப் பார்த்தது.

"இன்று உன் குட்டிக்குப் பின்னால் நான் வருகிறேன். யாரும் எனக்கு ஒதுங்கக் கூடாது!"

மாலை வந்தது. குட்டி ஓரடி வைத்தால் யானையும் ஓரடி. இடுக்கில் போகிறவர்களும் வருகிறவர்களும் முட்டிக்கொண்டு நின்றார்கள். காட்டெருமை முக்காரமிட்டது. நடுவழியில் முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டு, "தொட்டுப் பார், தெரியும் சேதி!" என்றது.

"உன்னை யார் தொடப்போகிறார்கள்? நகருமய்யா!" என்று கத்தியது காட்டுப்பன்றி.

யானைக்கும் தொண்டை வறண்டது. ஒரு பிளிறல் போதும், வழி திறந்துவிடும். அது பிளிறவில்லை. மலை போன்ற உடம்பை வைத்துக்கொண்டு கடைசி ஆளாய் நின்றது! மான் வாய் பிளந்து பார்த்தது.

வெளிச்சம் மங்கியது. குட்டி முன்கால் மடிந்து விழுந்தது.

"போதும், அளந்துவிட்டேன்!" என்றது யானை.

நேரே போய் முட்காட்டில் நெற்றியைக் கொடுத்தது. தோல் கிழிந்தது. ரத்தம் துளிர்த்தது. யானை நிற்கவில்லை. இடுக்கின் பக்கத்திலேயே இன்னொரு வழி திறந்தது.

"போகிறவர்கள் இப்படி, வருகிறவர்கள் அப்படி! குட்டி முதலில்!"

குட்டியைத் தும்பிக்கையால் தூக்கி நிறுத்தியது. கூட்டம் தண்ணீராய் ஓடியது. குட்டி மடுவில் வாய்வைத்து உறிஞ்சும் சத்தம் கேட்டதும்தான் மானுக்கு மூச்சே வந்தது.

"இதைத்தான் நானும் சொல்லலாம் என்றிருந்தேன்..." என்று இழுத்தது நரி. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் குடித்த பிறகு யானை கடைசியாக மடுவில் இறங்கியது.

எல்லோரும் வழிவிடும் பெரியவரின் நடையை வைத்துப் பாதையை அளக்காதே. கடைசியில் நிற்கும் சிறியவரின் தாகத்தை வைத்து அள.