நாற்பது மீன் கொண்டுவந்த முயல்

காட்டோரப் பாறைக் குழி ஒன்றில் சிங்காரி என்ற ஜிலேபி மீன் தன் ஆறு குஞ்சுகளோடு புதிதாகக் குடியேறியது. குழியை அமைத்தது துள்ளப்பன் முயல்.

மீன் கழிவு கலந்த தண்ணீர் ஒரு மூங்கில் குழாய் வழியாகக் கூழாங்கல் பாத்திக்கு இறங்கும். அதைக் குடித்துக் கீரை வளரும். தெளிந்து வடியும் தண்ணீரை முயல் கொட்டாங்கச்சியால் மொண்டு மறுபடி குழியில் ஊற்றும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேராசைக்கு எது போதும்?

பத்தாம் நாளே முயல் ஒரு பானை நிறைய ஏரி மீன்களைச் சுமந்து வந்தது. நாற்பது மீன்!

"ஐயோ, நிறுத்து!" என்று பதறியது சிங்காரி. "கல்லெல்லாம் இன்னும் புதுசு. அதில் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் வழவழப்பாகப் படிந்தால்தான் எங்கள் அழுக்கை முறிக்கும். ஒரு மாதம் பொறு. பிறகு நாலைந்தாக விடு!"

"குழி என்னுடையது! மீன் கூடினால் உரம் கூடும், உரம் கூடினால் கீரை கூடும். உனக்கென்ன தெரியும்?" என்று முயல் பானையைக் கவிழ்த்தது.

மூன்றே நாளில் தண்ணீர் நாறியது. மீன்கள் மூச்சு முட்டி, மேலே வந்து வாயைப் பிளந்தன. முயலுக்கோ பூரிப்பு!

"ஆகா, என்னைக் கண்டதும் எப்படி ஓடி வருகிறார்கள்! பசி போலிருக்கிறது!" என்று இரண்டு பிடி தவிட்டை அள்ளிப் போட்டது. இதைவிட அநியாயம் உண்டா?

மாலைக்குள் சிங்காரியின் குஞ்சுகளில் நான்கு செத்து மிதந்தன. அது நேரே போய் மூங்கில் குழாயின் வாயில் தன் உடம்பைச் செருகி அடைத்துக்கொண்டது.

மறுநாள் உச்சி வெயிலில் கீரை துவண்டது. முயல் அலறிக்கொண்டு ஓடிவந்தது.

"அடிப்பாவி! வழியை விடு! என் கீரை சாகிறது!"

"ஒரு வெயிலுக்கே இந்தக் கத்தலா? என் பிள்ளைகள் மூச்சுக்குத் தவித்தபோது தவிடு போட்டாயே! எல்லோரையும் ஏரியில் கொண்டுபோய் விடு. அதுவரை ஒரு சொட்டு இறங்காது!"

முயல் கொட்டாங்கச்சியால் மொண்டு ஊற்றிப் பார்த்தது; கூழாங்கல்லில் நிற்காமல் நொடியில் வடிந்துபோனது. மிரட்டியது, கெஞ்சியது. சிங்காரி அசையவில்லை. வேறு வழியின்றி முயல் பானையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு நடையாய் நடந்தது. கடைசி நடையில் சிங்காரியும் மிச்சமிருந்த இரண்டு குஞ்சுகளோடு பானைக்குள் இறங்கியது.

"நீயுமா? அப்புறம் என் கீரைக்கு யார்?"

"உன் கொட்டாங்கச்சியைக் கேள்!"

தனக்குச் சோறு போடுகிறவர்களின் மூச்சை அடைக்கிறவன், தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறான்.