மடையான் சொன்ன வழி

குளிர்காலம் வந்ததும் அந்த ஏரிச் சரணாலயத்துக்குச் சோளக்குருவிகள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தன. பகலெல்லாம் வயல்களில் மேயும். சாயங்காலம் ஏரிக்கு மேல் கூட்டமாகப் பறக்கும். கூட்டம் புகைபோலச் சுருளும், விரியும், சட்டென்று திரும்பும். கடைசியில் கோரைக்குள் இறங்கித் தூங்கிவிடும். இதைப் பார்க்கவே நாரைகளும் நாமக்கோழிகளும் கரையில் கூடும்.

அந்தக் கோரையில் மடையான் கொக்கு ஒன்று மீன் பிடித்து வாழ்ந்தது. தினமும் பக்கத்தில் நின்று பார்த்ததால் குருவிகளின் போக்கு அதற்கு அத்துப்படி. இப்போது இடப்பக்கம் திரும்பும் என்று அது சொன்னால் கூட்டம் அப்படியே திரும்பும். நாமக்கோழிகள் வாயைப் பிளந்தன. மடையானுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் காலையில் ஒரு பருந்து பக்கத்துக் கருவேல மரத்தில் வந்து உட்கார்ந்தது. கூட்டம் திரும்புவதைச் சொல்வது பெரிய வித்தையில்லை, அது எந்த வழியாகக் கோரைக்குள் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று அலட்சியமாகப் பேசியது.

மடையானுக்கு ரோஷம் வந்தது. யாரிடம் பேசுகிறோம் என்று அதற்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னது.

"மரத்துக்கு மேலே சுற்றுவதெல்லாம் பாசாங்கு. மதகு ஓரமாகத் தாழ்வாகத்தான் நுழையும்."

"நீ கெட்டிக்காரன்தான்" என்றது பருந்து.

அன்று சாயங்காலம் பருந்து மதகுக்குப் பின்னால் பதுங்கியிருந்து ஒரு குருவியைத் தூக்கிக்கொண்டு போனது. கூட்டம் சிதறி ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கியது.

விடிந்ததும் ஒரு பெண் குருவி மடையானிடம் வந்தது. "அண்ணே, என் தம்பியைக் காணவில்லை. நீங்கள் இங்கேயேதானே நிற்கிறீர்கள், பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை என்று பொய் சொன்னது மடையான். குருவி நன்றி சொல்லிவிட்டுத் தேடப் போனது. அது வரப்பு வரப்பாகப் பறந்து தம்பியைக் கூப்பிடும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. மடையானின் காலடியில் மீன்கள் போயின. அது குனியவில்லை.

சாயங்காலம் பருந்து மறுபடியும் மதகுக்குப் பின்னால் வந்து பதுங்கியது. கூட்டம் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. மடையான் அலறிக்கொண்டு குறுக்கே பறந்தது. கூட்டம் வெட்டித் திரும்பித் தப்பியது. பருந்து இரை கிடைக்காமல் போனது.

பறவைகளெல்லாம் மடையானைப் பாராட்டின. அந்தப் பெண் குருவியும் வந்தது. பருந்து அங்கே இருப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டது.

மடையான் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. "நேற்று அதற்கு வழி சொன்னதே நான்தான்."

"காலையிலேயே சொல்லியிருந்தால், அவன் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக் கூப்பிட்டுக்கொண்டே திரிந்திருக்க மாட்டேன்" என்றது குருவி.

அது திட்டியிருந்தால்கூட மடையானுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மறுநாளே குருவிகள் ஏரியின் அக்கரைக்குப் போய்விட்டன. வேடிக்கை பார்க்கும் பறவைகளும் அங்கேயே போயின. நாமக்கோழிகள் வந்து கூப்பிட்டுப் பார்த்தன. மடையானுக்கு அங்கே போக முகமில்லை.

தன் பெருமைக்காக அடுத்தவர் உயிரைக் காக்கும் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறவர், பிறகு என்ன நல்லது செய்தாலும் அவர்களை நிமிர்ந்து பார்க்க முடியாது.